ஐம்பத்திரண்டு வயது மைட்டோகாண்ட்ரியா

எங்கள் கமினோசாவா ஊரில் மறதிநோய் யாருக்கும் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, நகராட்சி சொல்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் எதிரே பெரிய பலகை நிற்கும்: "மறதிநோயாளிகள் இன்று: 0." எண் மாறினால் மாட்டுவதற்கு வசதியாக மூன்று கொக்கிகளும் வைத்திருக்கிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் கொக்கிகளில் பனிதான் தொங்குகிறது.

நான் முடிதிருத்துபவன். பெயர் தொகாஷி, வயது அறுபத்தெட்டு, மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. சென்ற ஏப்ரலில் எங்கள் தெருவின் நான்காம் குழுவுக்குத் தலைவனானேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. பதினொரு வீட்டுக்கும் முறைவைத்து வருகிற சுமை அது. நகராட்சி அனுப்புகிற அறிவிப்புகளை ஓர் அட்டையில் செருகி முதல் வீட்டில் கொடுக்க வேண்டும். படித்தவர் தன் பெயருக்கு நேரே, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். பதினொரு முத்திரையும் விழுந்துவிட்டால் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். படித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை.

நான் தலைவனான முதல் வாரத்து அட்டையில்தான் மைட்டோகாண்ட்ரியா வந்து சேர்ந்தது. நகராட்சியின் மறதி ஒழிப்புப் பிரிவு எழுபது தாண்டிய எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யப் போகிறது, அதற்கு முன்னால் பொது மண்டபத்தில் விளக்கக் கூட்டம், குழுத் தலைவர்கள் வந்தே ஆக வேண்டும் என்று போட்டிருந்தது. போனேன்.

மாகாணப் பல்கலைக்கழகத்திலிருந்து மினேகிஷி என்றொரு பெண் டாக்டர் வந்திருந்தார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன அடுப்புகள் எரிகின்றன என்றார். அவை மங்கினால் சில புரதங்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. அப்படி ஏறியவர்களில், பல வருஷம் கழித்து மறதிநோய் காண்பவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தக் கொஞ்சத்தை அவர் நான்கு தடவை சொன்னார். இதயம் பலவீனமானாலும் சிறுநீரகம் கெட்டாலும் அதே புரதம் ஏறும், அதனால் ஒரு தனி ஆளைக் காட்டி இவருக்கு வரும், அவருக்கு வராது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிரிவுத் தலைவர் ஒதாகிரி எழுந்தார். ஐம்பது வயதுக்காரர், கோட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. "டாக்டரம்மா தெளிவா சொல்லிட்டாங்க. இவருக்கு வரும், அவருக்கு வராதுன்னு இனிமே நாம தைரியமா சொல்லிடலாம்" என்றார். டாக்டர் கையைத் தூக்கினார். அதற்குள் அவருடைய மைக்கை அணைத்துவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான்.

உடனே மேடைக்கு 'மிதோ மாரு' வந்தது. ஊருக்கு ஒரு பொம்மை வேஷம் இல்லாமல் இந்த நாட்டில் எந்தத் திட்டமும் தொடங்காது. ஆரஞ்சு நிறத்தில், அவரைக் கொட்டை உருவத்தில், வயிற்றில் மடிப்பு மடிப்பாக ஒன்றைத் தைத்து மைட்டோகாண்ட்ரியா என்றார்கள். உள்ளே இருந்தவர் ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கியிருந்த துணைத் தலைவர். இடுப்பு வலிக்காரர். குனிந்து வணங்கினால் அவரால் நிமிர முடியாது, இரண்டு பேர் வந்து தூக்கிவிடுவார்கள். பார்த்தவர்களெல்லாம் அதைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்றுதான் நினைத்தார்கள்.

பக்கத்து வீட்டு யூஸா மட்டும் அந்தக் கூட்டத்தில் உண்மையான நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். அவர் மனைவி மிசாவோ அதைவிட அதிக காலம் தபால் நிலையக் கவுண்டரில் இருந்தவர். அந்த அம்மாவுக்கு இரண்டு வருஷமாக நினைவு தவறிக்கொண்டிருந்தது. செருப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார். காலை எட்டு மணிக்குச் சோற்று உருண்டையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். யூஸா பின்னாலேயே போய், இன்றைக்கு விடுமுறை என்று சொல்லி அழைத்து வருவார். தெருவில் எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று இருந்தோம்.

யூஸாவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். வாரத்தில் இரண்டு நாள் மிசாவோவைப் பகல் பராமரிப்பு இல்லத்தில் விட ஓர் இடம். தனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்று நாற்காலியில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்ளும்போது என்னிடம் சொன்னார். நகராட்சியில் கேட்டதற்கு, முதலில் இரத்த முடிவு வரட்டும் என்றார்களாம்.

முடிவு ஜூனில் வந்தது. பச்சை என்றால் மறதி வராது, சிவப்பு என்றால் வரும். மிசாவோவுக்குப் பச்சை, மைட்டோகாண்ட்ரியாவின் வயது ஐம்பத்திரண்டு. யூஸாவுக்குச் சிவப்பு, வயது தொண்ணூற்று நான்கு. வாசலில் பெயர்ப் பலகைக்குக் கீழே வட்டமாக இரண்டு வில்லைகள் ஒட்டிவிட்டுப் போனார்கள். சீட்டு மாறிவிட்டது என்று யூஸா நினைத்தார். குழுத் தலைவன் என்ற முறையில் என்னையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

சீட்டு மாறவில்லை என்று ஒதாகிரி இரண்டு தடவை சரிபார்த்துச் சொன்னார். வீட்டில் நடப்பதை யூஸா நிதானமாக எடுத்துச் சொன்னார்: சாப்பிட்டது அவளுக்கு நினைவில்லை, அடுப்பை அணைப்பதில்லை, சில நாள் என்னையே தெரிவதில்லை. ஒதாகிரி குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"சுத்தி இருக்கறவங்கதான் விசித்திரமா நடந்துக்கறாங்கன்னு உங்களுக்கு எப்பலேருந்து தோணுது, யூஸா சான்?"

யூஸா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த மிதோ மாரு படத்தைப் பார்த்தேன்.

"முகத்தப் பாத்து முடிவு பண்றதெல்லாம் அந்தக் காலம்" என்று ஒதாகிரி அன்பாக விளக்கினார். "முகம் ஏமாத்தும், பேச்சு ஏமாத்தும். கூடவே குடித்தனம் பண்றவங்க இருக்காங்களே, அவங்கதான் அதிகமா ஏமாறுவாங்க. ரத்தம் ஏமாத்தாது. அதனாலதான் எங்க பிரிவுல பதினாலு பேர்ல ஒருத்தரும் இதுவரைக்கும் ஒரு நோயாளியக்கூட நேர்ல பாத்ததில்ல. பாத்தா மனசு சாஞ்சிடும் பாருங்க."

யூஸாவை உட்கார வைத்துப் பழைய முறைச் சோதனை ஒன்றும் கொடுத்தார்கள். தேதி சொன்னார், கடிகாரம் வரைந்தார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துத் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று கடகடவென்று இறங்கினார். முப்பதுக்கு முப்பது. ஒதாகிரியின் முகம் மாறிவிட்டது. சிவப்புக்காரர் முழு மதிப்பெண் வாங்குவது நல்லதல்ல, அறிகுறிகளை உள்ளேயே அமுக்கி வைக்கிறார் என்று அர்த்தம் என்றார். யூஸாவின் கோப்பில் 'மறைக்கும் வகை' என்று எழுதினார்கள்.

மறைக்கும் வகையினருக்கு வீட்டிலேயே ஒரு துணையாளர் வேண்டும். துணையாளர் பச்சையாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் ஒதாகிரி, மிதோ மாரு, தூக்கிவிட இரண்டு பேர், சாட்சிக்கு நான், எல்லோரும் யூஸா வீட்டுக்குப் போனோம். துணையாளர்களை ஒதாகிரி நேரில் பார்ப்பார், அவர்கள் நோயாளிகள் இல்லையே.

மிசாவோ வாசலில் முழங்காலிட்டு வணங்கி வரவேற்றார். காத்திருக்க வைத்ததற்கு மன்னிக்கணும், இன்றைக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. ஒதாகிரி தாள்களை நீட்டினார். மிசாவோ வாங்கித் தட்டி விளிம்பைச் சரிசெய்தார், முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றினார், பதினேழு இடத்தில் பதினேழு முத்திரை குத்தினார். ஒன்றுகூடக் கலங்கவில்லை. அதிலும் ஒதாகிரியின் முத்திரைக்குப் பக்கத்தில் தன்னுடையதை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக் குத்தியிருந்தார். மேலதிகாரிக்குப் பக்கத்தில் கீழே இருப்பவரின் முத்திரை வணங்குகிற மாதிரி சாய வேண்டும். முப்பது வருஷம் கவுண்டரில் இருந்த கைக்கு அது மறக்காது. மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது.

ஒதாகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பல்லாம் நம்ம ஆபீஸ்லயே யாரும் இப்படிச் சாய்ச்சு வெக்கறதில்ல" என்றார்.

அப்போது மிசாவோ ஓரமாக உட்கார்ந்திருந்த தன் கணவரைப் பார்த்து, "நீங்க எந்த வரிசைங்க? டோக்கன் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

இப்போதாவது ஒதாகிரிக்குப் புரியும் என்று நான் நினைத்தேன். ஆனால் துணையாளர் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் 'சோதனைக் கேள்வி' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பதில் தெரிந்த கேள்வியையே தெரியாத மாதிரி கேட்டு, சிவப்புக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். கையேட்டைக் கொடுப்பதற்கு முன்னாலேயே இந்த அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது என்று ஒதாகிரி வியந்துபோனார். யூஸா தலையைக் குனிந்துகொண்டு, "எடுக்கல. எடுத்துக்கிட்டு வரேன்" என்றார். அவர் அவளிடம் எப்போதும் அப்படித்தான் பேசுவார். அதையும் ஒதாகிரி குறித்துக்கொண்டார்.

சாட்சி என்ற இடத்தில் நான் முத்திரை குத்தினேன். என் பெயர் அச்சாகியிருந்தது, முன்னால் பதினேழு முத்திரை வரிசையாக விழுந்திருந்தது, ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. எல்லோரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றே யூஸாவின் கார் சாவி மிசாவோவிடம் போயிற்று. எரிவாயு வால்வின் பூட்டுச் சாவியும் போயிற்று. மூன்றாம் நாள் இரண்டும் ஊறுகாய்ப் பானையில் கிடைத்தன. யூஸா வெளியே போனால் ஆரஞ்சு நிறச் சட்டை போட வேண்டும், துணையாளர் கூட வர வேண்டும். ஆகவே மிசாவோ காலையில் தபால் நிலையத்துக்குக் கிளம்பினால், முன்னால் அந்த அம்மா, பின்னால் ஆரஞ்சுச் சட்டையில் அவர். பார்த்தவர்கள் துணையாளரைப் பாராட்டினார்கள்.

தினமும் மிசாவோ ஒரு கண்காணிப்பு நோட்டு எழுத வேண்டும். எழுதினார். கட்டம் போட்ட நோட்டு அவருக்குப் பிடிக்கும். சாதாரணத் தபால் 214, பதிவுத் தபால் 9, பொட்டலம் 31 என்று தலைப்புகளைப் பார்க்காமல் கட்டங்களில் நிரப்பினார். அலுவலகத்தில் 9 என்பது தூங்கிய மணி, 31 என்பது மென்ற தடவை என்று கணினியில் ஏறியது. யூஸா நன்றாகத் தேறி வருகிறார் என்று மாதாமாதம் வரைபடம் வந்தது.

யூஸா தேறவில்லை. இலையுதிர் காலத்தில் கணுக்கால் வீங்கியது, உட்கார்ந்துகொண்டே தூங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மனு கொடுத்தார். துணையாளரின் ஒப்புதல் முத்திரையோடு வர வேண்டும், துணையாளரும் கூட இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். காத்திருக்கும் அறையில் மிசாவோ எல்லோருடைய டோக்கனையும் வாங்கி வரிசைப்படுத்தி முத்திரை குத்த ஆரம்பித்ததால், முறை வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். பகல் பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டு இன்னொரு மனுவும் கொடுத்தார். பச்சைக்காரர்களுக்கு அங்கே இடமில்லை, உங்களுக்கு வேண்டுமானால் உடனே தருகிறோம் என்றார்கள். நான் போய்விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாராம். அதற்குத்தான் அவங்க உங்களைப் பார்த்துக்கொள்கிறார்களே என்றார்களாம்.

நவம்பரில் கடைசித் தடவையாக அவருக்கு முடிவெட்டினேன். கழுத்து மெலிந்துபோயிருந்தது. "தொகாஷி சான், எனக்கு ஒண்ணும் பயமில்ல. நான் முந்திக்கிட்டா அவ யாரு கிட்ட டோக்கன் கேப்பா, அதான்" என்றார். நான் அலுவலகத்தில் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

ஜனவரியில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி. பனி நிற்காமல் கொட்டியது. மிசாவோ என் கடைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். தலையில் பனி, காலில் செருப்பில்லை.

"மன்னிக்கணுங்க. ஒரு வாடிக்கையாளர் ரொம்ப நேரமா காத்திருக்காரு. அவர் முறை வந்துடுச்சு, கூப்பிட்டுப் பாத்தேன், எந்திரிக்க மாட்டேங்கறாரு. கொஞ்சம் வரீங்களா?"

சீப்பைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். வாசல் நடையில் ஒரு காலில் பூட்ஸ் மாட்டியபடி யூஸா சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் தொலைபேசி. மேலே கம்பளி போர்த்தியிருந்தது, அது அந்த அம்மா போர்த்தியது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், ஒன்பது நிமிஷத்தில் வந்துவிட்டது. அவர் இறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றார்கள். இதயம்.

அவரும் கூப்பிட்டிருக்கிறார். இரங்கல் சொல்ல வந்த ஒதாகிரிதான் இதை எனக்கு விளக்கினார், அதுவும் கொஞ்சம் திருப்தியோடு. சிவப்புக்காரர்கள் ஆம்புலன்ஸை வீணாகக் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதால் அவர்களுடைய அழைப்பு முதலில் மறதி ஒழிப்புப் பிரிவுக்கு வரும். பிரிவு துணையாளரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். அன்றைக்கும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள். துணையாளர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாராம். பதிவையும் வாசித்துக் காட்டினார்: "கூப்பிட்டதுக்கு நன்றிங்க. இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குது. ஒருத்தர்தான் காத்திருக்காரு, அவரும் அமைதியா இருக்காரு."

"எவ்வளவு நிதானம் பாருங்க" என்றார் ஒதாகிரி.

மினேகிஷி டாக்டர் செய்தி கேட்டு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அந்தப் புரதம் இதய நோயிலும் ஏறும் என்று அன்றே சொன்னேன், யூஸா அவர்களுக்கு ஏறியிருந்தது அதனாலாக இருக்கலாம், தயவுசெய்து திட்டத்தை நிறுத்துங்கள் என்று. நகராட்சி அதில் முதல் பாதியை அட்டையில் செருகிச் சுற்றுக்கு விட்டது. எங்கள் வீடுகளில் பதினொரு முத்திரையும் விழுந்தன. யூஸா வீட்டுக் கட்டத்தில் மிசாவோவின் முத்திரைதான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது.

யூஸா மறதிநோய் வராமலே இறந்ததால் அவருடைய கோப்பு 'தடுப்பு வெற்றி' என்று மூடப்பட்டது. மிசாவோவுக்கு அந்த ஆண்டின் சிறந்த துணையாளர் விருது.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் விருதைக் கொடுக்க வந்தார்கள். மிதோ மாருவும் வந்தது, துக்க வீடு என்பதால் கறுப்பு டை கட்டியிருந்தது. புத்த பீடத்தில் யூஸாவின் படம், ஊதுவத்தி, அவருக்குப் பிடித்த முள்ளங்கி ஊறுகாய். அந்த ஏழு வாரமும் மிசாவோவுக்குச் சோறு கொடுத்தது நானும் எதிர் வீட்டுக்காரியும்தான். முதல் சில நாள் அவர் கணவரைக் கேட்கும்போதெல்லாம் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிற மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதார். ஐந்தாவது தடவைக்கு மேல் என்னால் முடியவில்லை. பனி தள்ளப் போயிருக்கிறார் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதைக் கேட்டால் முகம் தெளிந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

அன்றைக்கு இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் போயிருந்தேன். விருதுத் தாளை ஒதாகிரி நீட்டுவதற்கு முன் குறுக்கே போய் நின்றேன். "இந்தம்மாவுக்கு நினைவு இல்லீங்க. மூணு வருஷமா இல்ல. புருஷன் செத்தது தெரியாது. ரத்தத்த விடுங்க, ஒரு தடவ முகத்தப் பாருங்க. இவங்களுக்கு ஓர் இடம் குடுங்க" என்றேன்.

ஒதாகிரி தாளைக் கீழே வைத்தார். பையிலிருந்து வேறொரு படிவத்தை எடுத்தார். என்னை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

"சுத்தி இருக்கறவங்கதான் விசித்திரமா நடந்துக்கறாங்கன்னு உங்களுக்கு எப்பலேருந்து தோணுது, தொகாஷி சான்?"

மிதோ மாருவுக்குள்ளிருந்து யாரோ மெல்ல இருமினார்கள். அப்போதுதான் மிசாவோ பீடத்திலிருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். முகத்தில் கலக்கம் தொடங்கியிருந்தது.

"தொகாஷி சான், எங்க வீட்டுக்காரர பாத்தீங்களா? வெளிய இவ்வளவு பனி கொட்டுது, இன்னும் வரலியே."

சோதனைக் கேள்வி. ஒதாகிரி பேனாவைத் திறந்துகொண்டு என் வாயையே பார்த்தார். செத்துப்போயிட்டாரு என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பச்சை. சொன்னால் அந்த அம்மா இத்தனை பேருக்கு நடுவில், ஓர் ஆரஞ்சு நிறக் கிழங்குக்கு முன்னால், மறுபடியும் தரையில் உட்கார்ந்து அழ வேண்டும்.

"பனி தள்ளத்தான் போயிருக்காரும்மா" என்றேன். "வந்துடுவாரு."

மிசாவோவின் முகம் தெளிந்தது. ஒதாகிரி எழுதுவதை நான் தலைகீழாகப் படித்தேன். 'இறந்தவர் உயிரோடு இருப்பதாக உறுதியாகக் கூறுகிறார். இரத்தம் எடுக்கவும்.' கீழே துணையாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் தனியாக இருப்பவன் என்பதால் பக்கத்து வீட்டில் அனுபவமுள்ளவர் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று சொல்லிப் படிவத்தை மிசாவோவின் முன்னால் வைத்தார்.

மிசாவோ விளிம்பைச் சரிசெய்தார், முத்திரையை மையில் ஒற்றினார், லேசாக இடப்பக்கம் சாய்த்துக் குத்தினார். பிறகு என்னைப் பார்த்து, டோக்கன் எடுத்தாச்சா என்று கேட்டார்.